காற்றுக்கு இட்ட கடிவாளம்

வரலாறு கற்பித்து ஓய்வு பெறவிருந்த ஆசிரியன் ஒருவன், ஐம்பத்தெட்டாம் வயதில், அயல்நாட்டுக் கடற்கரை ஒன்றில் குப்புற விழுந்து, வாய் நிறைய மணலோடு எழுந்த கதையை இன்று சொல்ல வந்திருக்கிறேன். விழுந்தவன் நானே. என்னை இழுத்துத் தள்ளியது குதிரையும் அன்று, மோட்டாரும் அன்று, ஒரு காற்றாடி. விழுந்ததைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை. அதற்கு முன் இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நான் சொல்லிவந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் வெட்கம்.

அந்த வாக்கியம் இது: "ஆவி எந்திரம் உலகை மாற்றிக்கொண்டிருந்த அதே வேளையில், பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பட்டங்களைக் கட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்." தொழிற்புரட்சியைப் பற்றிய பாடத்தில் மாணவர்கள் சோர்ந்து போகும் இடத்தில் இதைச் சொல்வேன். வகுப்பு சிரிக்கும். சிரித்து முடித்தபின் நான் ரயில் பாதைக்குப் போய்விடுவேன். அந்த ஆசிரியரின் பெயர் ஜார்ஜ் போகாக் என்பதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஏதும் இருக்கும் என்று நினைத்ததும் இல்லை.

2018-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு கருத்தரங்கிற்காக ஹாலந்துக்குச் சென்றேன். ஹார்லெம் நகரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் தம் வீட்டில் தங்கச் செய்தார். இரவு உணவின்போது, "ஐயா, அந்தப் பட்டவண்டி வாத்தியாரை நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். நினைவிருக்கிறது என்றேன். "நான் இங்கே ஞாயிறுதோறும் அதைத்தான் ஓட்டுகிறேன். நாளை வந்து பாருங்கள். பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்" என்றார். குரலில் பணிவு இருந்தது; ஆனால் சொல்லில் ஒரு முள்ளும் இருந்தது.

மறுநாள் காலை ஐமௌடன் கடற்கரையில் நின்றோம். அகன்ற, தட்டையான, ஈரம் ஊறி இறுகிய மணல். வடக்கே கப்பல்கள் ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும் பெரிய கால்வாயின் வாய். அதற்கு அப்பால் ஓர் இரும்பாலையின் புகைபோக்கிகள். 2007 முதல் அந்த ஆலை நம் டாட்டாக்களுடையது என்று அறிந்தபோது, அறிமுகமில்லாத ஊரில் உறவினர் வீட்டைக் கண்டதுபோல் இருந்தது. கடற்புறத்திலிருந்து மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது. நம் பரதவர் இதைக் கச்சான் என்பார்கள். மணற்பரப்பில் ஏழெட்டுப் பேர் தரையோடு தரையாக மூன்று சக்கர வண்டிகளில் அமர்ந்து, தலைக்கு மேல் வண்ணத் துணிப்பட்டங்களைப் பறக்கவிட்டு, இங்குமங்கும் விரைந்துகொண்டிருந்தார்கள். கைட் பக்கி என்பது அதன் பெயர். பட்டவண்டி என்றே நான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த இடம் வரலாற்று ஆசிரியனுக்கு அந்நியமான இடம் அன்று. அதே கரையோரமாகத்தான், 1602-ஆம் ஆண்டளவில், சைமன் ஸ்டெவின் அமைத்த பாய்வண்டி ஓடியது. ஸ்டெவின் சாதாரணமானவர் அல்லர். பின்னங்களைத் தசம முறையில் எழுதிக் கணக்கிடும் வழியை 1585-இல் ஒரு சிறு நூலால் ஐரோப்பாவுக்குப் பரப்பியவர். டச்சுத் தளபதியாகிய மோரிஸ் இளவரசரின் பொறியியல் ஆசான். அவர் மரக்கலம் ஒன்றுக்கு நான்கு பெரிய சக்கரங்களைப் பூட்டி, பாய்மரம் நாட்டி, மணலில் ஓடவிட்டார். இளவரசரே சுக்கானைப் பிடித்தார். விருந்தினர் இருபத்தெட்டுப் பேர். பிற்காலத்தில் சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று பெயர் பெற்ற ஹ்யூகோ குரோஷியஸ் அவர்களுள் ஓர் இளைஞர். 1600-இல் நியூபோர்ட் போரில் சிறைப்பட்ட ஸ்பானியத் தளபதி மெண்டோசாவும் அந்த வண்டியில் இருந்தார். ஸ்கேவெனிங்கனிலிருந்து பெட்டன் வரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அதை இரண்டு மணி நேரத்திற்குள் கடந்தார்கள். அக்காலத்தில் எந்தக் குதிரையும் அத்தனை தூரத்தை அந்த வேகத்தில் ஓடியிருக்க முடியாது. வழியில் இளவரசர் விளையாட்டாக வண்டியைக் கடலுக்குள் திருப்பி விருந்தினரைக் கலங்கச் செய்தார் என்றும் சொல்வார்கள். அரசகுமாரர்களின் நகைச்சுவை எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான்.

இன்று அந்தப் பயணத்தை அப்படியே மீண்டும் செய்ய இயலாது. 1876-இல் திறக்கப்பட்ட கால்வாய் கரையை ஐமௌடனில் வெட்டிவிட்டது. நாங்கள் நின்ற அகன்ற மணற்பரப்பும் ஸ்டெவின் காலத்தது அன்று. துறைமுகத்தின் தெற்குக் கற்சுவரை 1960-களில் கடலுக்குள் நீட்டியபின் அதன் ஓரத்தில் வந்து ஒதுங்கிய மணல். கால்வாயை வெட்டி வழியைத் துண்டித்தவர்களே, தம்மை அறியாமல், பட்டவண்டிக்காரர்களுக்கு மைதானம் ஒன்றைத் தந்துவிட்டார்கள்.

என் மாணவர் என்னை ஒரு பயிற்சியாளரிடம் ஒப்படைத்தார். முப்பது வயதுள்ள டச்சுப் பெண்மணி, சிக்கனமாகப் பேசுபவர். வண்டியில் ஏறலாம் என்று நினைத்த என்னிடம் வண்டியைக் காட்டவே இல்லை. ஒரு தலைக்கவசத்தையும், சிறிய துணிப்பட்டம் ஒன்றையும் தந்தார். குச்சியே இல்லாத பட்டம். தலையணை உறைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தது போன்றது. முன்விளிம்பிலுள்ள வாய்களின் வழியே காற்றுப் புகுந்து நிரம்பியதும் பறவையின் சிறகுபோல் வடிவம் கொள்கிறது. அதிலிருந்து நான்கு நூல்கள் இறங்கி வருகின்றன. கைக்கு இரண்டாக இரு பிடிகளில் முடிகின்றன. மேல் நூல்கள் இரண்டும் பட்டத்தின் இழுப்பைத் தாங்குபவை. கீழ் நூல்கள் இரண்டும் அதன் பின்விளிம்பைப் பிடித்திருப்பவை. அவற்றை இழுத்தால் சிறகு மடங்கி, காற்றைக் கொட்டிவிட்டு, பட்டம் கீழே இறங்கும். மணிக்கட்டில் இரண்டு வார்ப்பட்டைகளையும் கட்டினார். அவை கீழ் நூல்களோடு இணைந்தவை. "ஆபத்து என்று தோன்றினால் பிடிகளை விட்டுவிடுங்கள். இந்த வார்கள் மற்றதைச் செய்துவிடும்" என்றார். மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் தலையசைத்தேன்.

காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், நம் முன்னே கவிழ்த்த கிண்ணத்தின் பாதிபோல ஒரு வெளி இருக்கிறது. பட்டம் அந்தக் கிண்ணத்தின் உட்புறத்தில்தான் திரிய முடியும். உச்சியிலும் இரு ஓரங்களிலும் அதன் இழுப்பு மெல்லியது. நேர் எதிரே தாழ்வாக வரும்போதோ யானையின் இழுப்பு. முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போயிற்று. சென்னையில் சிறுவயதில் மொட்டைமாடியில் காற்றாடி விட்டவன் நான் என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. திடீரென்று காற்று வலுத்தது. பட்டம் உச்சியிலிருந்து சரிந்து நடுவே பாய்ந்தது. பின்னாலிருந்து "விடுங்கள்! விடுங்கள்!" என்ற கூவல் காதில் விழுந்தது. நான் விடவில்லை. இன்னும் இறுகப் பிடித்தேன். கால்கள் தரையை விட்டன; பத்துப் பதினைந்து கெஜம் மணலில் உழப்பட்டேன்.

ஏன் விடவில்லை என்பதைப் பிறகு நெடுநேரம் யோசித்தேன். மொட்டைமாடியில் நூலை விட்டவன் காற்றாடியை இழந்தவன். தெருப் பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்துக்கொள்வார்கள். விடாதே என்பதுதான் என் கைகள் எட்டு வயதில் கற்ற பாடம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெண்மணி மூன்று முறை சொல்லிக் கொடுத்த பாடத்தை அந்தக் கைகள் ஏற்கவில்லை. வலது தோள் சுளுக்கிக்கொண்டது. நான்கு நாள் ஓய்வு என்றார் மருத்துவர்.

அந்த நான்கு நாட்களில்தான் போகாக்கை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். அவர் எழுதிய நூல் 1827-இல் வெளிவந்தது. என் மாணவர் அதன் பிரதியைக் கணிப்பொறியிலிருந்து எடுத்துத் தந்தார். இருபது ஆண்டுகள் ஒருவரைப் பழித்துவிட்டு, அவர் நூலைத் தோள்வலியோடு படுக்கையில் படித்தது நியாயமான தண்டனை என்றே தோன்றியது.

போகாக் பிறந்தது 1774-இல். சிறுவயது முதலே பட்டப் பித்தர். பட்டத்தில் கல்லைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மனிதரைத் தூக்கிப் பார்த்தார். 1820-களின் நடுவில் தம் மகள் மார்த்தாவை நாற்காலியில் அமர்த்தி, பட்டத்தால் ஏறத்தாழ 300 அடி உயரத்துக்கு ஏற்றினார். அந்தப் பெண் உயிரோடு இறங்கி வந்து, வளர்ந்து, மணந்து, பெற்ற பிள்ளைகளுள் ஒருவர்தான் கிரிக்கெட் உலகின் பெருந்தாடிக்காரராகிய டபிள்யூ. ஜி. கிரேஸ். அந்த நூல் அன்று அறுந்திருந்தால் கிரிக்கெட் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

1826-இல் போகாக் தம் பட்டவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். வண்டிக்குச் சார்வோலான்ட் என்று பிரெஞ்சுச் சாயலில் பெயரிட்டார். ஒரே கயிற்றுத் தொடரில் இரண்டு பட்டங்கள். மேலே வழிகாட்டும் சிறியது, கீழே இழுக்கும் பெரியது. நெடுஞ்சாலையில் மணிக்கு 20 மைல் வரை ஓடியது. அக்காலச் சுங்கச்சாவடிகளில் வண்டியை இழுக்கும் விலங்குகளைக் கணக்கிட்டுத்தான் வரி வாங்குவார்கள். இவர் வண்டியிலோ விலங்கே இல்லை! எனவே வரியும் இல்லை. ஒருமுறை குளோஸ்டர் பிரபுவின் வண்டியையே முந்திச் சென்றுவிட்டு, அது மரியாதைக் குறைவு என்று உணர்ந்து, நிறுத்திப் பிரபுவை முன்னே போகவிட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. 1828-இல் ஆஸ்காட் பந்தய மைதானத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் ஓட்டிக் காட்டினார்.

இவையெல்லாம் வகுப்பைச் சிரிக்க வைக்கும் செய்திகள். என்னை எழுந்து உட்கார வைத்தது வேறு. போகாக்கின் பெரிய பட்டத்தைப் பிடித்திருந்தவை நான்கு கயிறுகள். பக்கக் கயிறுகளை மாற்றி இழுத்துப் பட்டத்தை வலமோ இடமோ சாய்ப்பார். மற்றவற்றால் அதன் முகத்தைக் காற்றுக்கு நிமிர்த்துவார், அல்லது மடக்கிக் காற்றைக் கொட்டிவிடுவார். அதாவது, என் மணிக்கட்டில் கட்டியிருந்த அதே ஏற்பாட்டின் மூதாதை! ஸ்டெவினுக்கு வேகம் தெரியும். போகாக் வேகத்தை அடக்கும் வழியையும் நாடினார். பட்டத்திற்கு அவர் கட்டியது கயிறு அன்று, கடிவாளம். விசித்திரமான மனிதர் என்று நான் ஒதுக்கித் தள்ளியவர், சரியான கேள்வியைக் கேட்டுச் சரியான விடையின் திசையில் பாதி வழி நடந்தவர்.

அப்படியானால் அவர் வண்டி ஏன் அழிந்தது? ரயில் வந்தது, அழிந்தது என்பதே பாடநூல் விடை. ஸ்டாக்டன் முதல் டார்லிங்டன் வரை 1825-லும், லிவர்பூல் முதல் மான்செஸ்டர் வரை 1830-லும் பாதைகள் திறக்கப்பட்டன. இடையில் அகப்பட்டார் போகாக். இது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று என்பது இப்போது என் கருத்து. சாலை ஒரு திசையில்தான் போகிறது; காற்றோ தன் திசையில் வருகிறது. கடலில் எதிர்க்காற்று வந்தால் படகுக்காரன் வலமும் இடமுமாக வளைந்து வளைந்து ஏறுவான். இருபுறமும் வேலியும் மரமும் உள்ள சாலையில் வளைந்து ஏற இடம் ஏது? போனவர் காற்றின் தயவிருந்தால்தான் திரும்பலாம். ரயிலுக்குத் தனிப்பாதை போட்டுக் கொடுத்தார்கள். போகாக்கின் வண்டிக்கு வேண்டியிருந்தது பாதை அன்று, பரப்பு. 1843-இல் அவர் மறைந்தார்.

பிறகு நடந்தவற்றில் முக்கியமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 1903 நவம்பரில் சாமுவேல் கோடி என்பவர் பட்டம் இழுத்த படகில் காலேயிலிருந்து டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த பால் கார்பர், பீரங்கி வீரர்கள் குறிபார்த்துப் பழகுவதற்காக, இரு நூல்களால் திருப்பக்கூடிய பட்டத்தை அமைத்தார். 1948-இல் பிரான்சிஸ் ரோகல்லோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் குச்சியில்லாத துணிச்சிறகைக் கண்டார்கள். 1964-இல் டொமினா ஜால்பர்ட் காற்றை அறைகளில் நிரப்பும் சிறகைச் செய்தார். நான் பிடித்திருந்த பட்டம் அதன் வழித்தோன்றல். எஃகைவிட, எடைக்கு எடை, பன்மடங்கு வலிமையுள்ள டைனீமா என்னும் இழையை இதே ஹாலந்து நாட்டார் ஆக்கினார்கள். போகாக்கின் கனத்த கயிறு மெல்லிய நூலாக இளைத்தது. கடைசியில் 1990 அளவில், நியூசிலாந்தில் ஆஷ்பர்டன் என்னும் ஊரைச் சேர்ந்த பட்டக் கலைஞர் பீட்டர் லின், துருவேறா எஃகுக் குழாயை வளைத்து, தள்ளுவண்டிச் சக்கரம் போன்ற மூன்று சக்கரங்களைப் பூட்டி, காலால் திருப்பும் எளிய வண்டியைச் செய்து விற்கத் தொடங்கினார். கைகள் பட்டத்திற்கு, கால்கள் வண்டிக்கு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்ததுதான் அதன் சிறப்பு. ஓட்டுபவரும் ஒருவரே, பயணியும் அவரே.

ஐந்தாம் நாள் மீண்டும் மணலுக்குப் போனேன். பயிற்சியாளர் என் தோளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "முதலில் விடுவதற்குப் பழகலாம்" என்றார். அரை மணி நேரம் வேறு எதுவும் இல்லை. பட்டத்தை ஏற்றுவேன், அவர் கை தட்டுவார், நான் பிடிகளை விடுவேன், பட்டம் மடங்கி உயிரற்ற துணியாய் மணலில் விழும். மீண்டும் ஏற்றுவேன். முதல் ஏழெட்டு முறை, கை தட்டியபின் என் விரல்கள் ஒரு கணம் தயங்கின. அந்தத் தயக்கம் போகும்வரை அவர் வண்டியைக் கொண்டுவரவில்லை.

பிறகு வண்டி. அமர்ந்தால் இடுப்பு தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் இல்லை. முன்சக்கரத்தின் இருபுறத்துக் கட்டைகளில் பாதங்களை வைத்துத் திருப்ப வேண்டும். காற்று கடலிலிருந்து வருகிறது; நான் போகவேண்டியது கரையோரமாகத் தெற்கே; அதாவது காற்றுக்குக் குறுக்கே. பட்டத்தைத் தெற்கு ஓரமாகத் தாழ்த்தியதும் வண்டி ஒருமுறை சிணுங்கி நகர்ந்தது. ஐம்பது கெஜம் போயிருப்பேன். நிறுத்த வேண்டுமானால் சக்கரத்தைக் காற்றின் பக்கம் திருப்பி, பட்டத்தை உச்சிக்கு ஏற்ற வேண்டும். அப்படியே செய்தேன், நின்றது. வாழ்நாளில் பல பட்டங்கள் பெற்றிருக்கிறேன்; எதற்கும் அத்தனை மகிழ்ந்ததில்லை.

அன்று மாலைக்குள் ஒன்று புரிந்தது. குறுக்கே ஓடும் வண்டி, வீசும் காற்றைவிட வேகமாகவே ஓடுகிறது. சீதாப்பழ விதையை ஈர விரல்களிடையே அழுத்திப் பாருங்கள். விரல்கள் நகரும் வேகத்தைவிட விரைந்து அது பக்கத்தில் தெறிக்கும். காற்று ஒரு விரல், மணலைப் பற்றும் சக்கரம் மறு விரல், நடுவில் நான். தள்ளிக்கொண்டு போகும் காற்றை நாம் முந்த முடியாது. குறுக்கே செல்ல இடம்கொடுக்கும் காற்றை முந்தலாம்.

கடைசி நாள், கிளம்பும் இடத்தில் என் செருப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு, இரவல் காலணியோடு தெற்கே ஓட்டினேன். அரை மைல் சென்று, வண்டியைக் காற்றின் போக்கிலேயே வளைத்து, பட்டத்தை உச்சியின் வழியே மறுபக்கம் கடத்தி, வடக்கு நோக்கித் திரும்பினேன். இருமுறை கரைப்பக்கம் சறுக்கிக் கீழே இறங்கினேன். இருமுறையும் சிறிது சிறிதாகக் காற்றை நோக்கி ஏறி, இழந்த இடத்தை மீட்டேன். பெட்டனை நோக்கி இளவரசர் போன திசை அது. எதிரே கால்வாயின் கற்சுவர் நின்றது. அதற்கு வெகுமுன்பே, என் செருப்புகள் இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினேன். போன காற்றிலேயே திரும்பியும் வந்திருந்தேன். போகாக்குக்கு அந்தச் சாலைகளில் கிட்டாதது இந்த அரை மைல்தான்.

என் மாணவர் ஓடி வந்து பட்டத்தைப் பிடித்து மணல் போட்டு அடக்கினார். மூச்சு வாங்கியபடி, "ஐயா, அந்தப் பாடக் குறிப்பை இனி என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒரே ஒரு பருவம்தான் இருந்தது. "ஒரு வகுப்பு மிச்சமிருக்கிறது" என்றேன்.

அந்த வகுப்பில் போகாக்குக்காக ஒரு முழு மணி நேரம் ஒதுக்கினேன். கரும்பலகையில் நான்கு கயிறுகளையும் வரையும்போது, வலது கையை மேலே தூக்க முடியாமல் இடது கையால் வரைந்தேன். மாணவர்கள் சிரித்தார்கள். காரணத்தையும் சொன்னேன்.